செம்மறி ரத்தம் சொல்லும் தேதி

2025 ஜனவரி 10. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் மாநிலத்தில், பெர்லின் நகர எல்லையை ஒட்டியிருக்கும் ஹோனோ என்ற ஊரில், 14 நீரெருமைகள் கொண்ட ஒரு சிறிய மந்தையில் கோமாரி நோய் உறுதியானது. மூன்று எருமைகள் அதற்குள் செத்துப்போயிருந்தன. மிச்சமிருந்த 11 எருமைகளையும் அதிகாரிகள் கொன்றார்கள். அதற்கு முன் ஜெர்மனி கடைசியாகக் கோமாரியைக் கண்டது 1988-இல். அந்த நோயை நேரில் பார்த்த கால்நடை மருத்துவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றுவிட்ட நாடு அது.

பெர்லினின் பன்னாட்டு விமான நிலையம் அமைந்திருக்கும் ஷோனெஃபெல்ட், ஹோனோவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 20 கி.மீ. தூரம். நோய் கண்ட இடத்தைச் சுற்றி 3 கி.மீ. பாதுகாப்பு மண்டலம், 10 கி.மீ. கண்காணிப்பு மண்டலம் என்று கோடு போட்டார்கள். ஷோனெஃபெல்ட் இந்த இரண்டு வட்டங்களுக்கும் வெளியேதான் இருந்தது. என்றாலும் மாடு, பன்றி, செம்மறி, வெள்ளாடு எதையும் வண்டியில் ஏற்றக் கூடாது என்று பிறப்பித்த 72 மணிநேரத் தடை மாநிலம் முழுவதற்கும் பொருந்தியது. பிறகு அது நீட்டிக்கவும் பட்டது. பெர்லினின் இரண்டு விலங்குக் காட்சிசாலைகளும் கதவைச் சாத்தின. அதே மாதம் நடந்த ‘பசுமை வாரம்’ வேளாண் கண்காட்சிக்குப் பிளவுபட்ட குளம்புள்ள விலங்கு எதுவும் வரவில்லை. பிரிட்டன் ஜெர்மன் இறைச்சியை நிறுத்தியது. தென் கொரியா பன்றி இறைச்சிக்குத் தடை போட்டது.

கோடு போடுவது சுலபம். அதற்குள்ளும் வெளியிலும் இருக்கும் ஒவ்வொரு மந்தையைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்விதான் கடினமானது. கிருமி இங்கே ஏற்கெனவே வந்து போய்விட்டதா? வந்திருந்தால், எப்போது?

எருமையிடமும் மாட்டிடமும் இந்தக் கேள்விக்குக் கண்ணாலேயே பாதி பதில் கிடைக்கும். எச்சில் நூலாக வழியும், நாக்கில் கொப்புளம் உடையும், மாடு தீனியை விட்டுவிட்டு நிற்கும். பன்றி நடக்க முடியாமல் கத்தும். செம்மறியோ அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு மந்தையில் நாலைந்து ஆடுகள் இரண்டு நாள் நொண்டும். ஈறில் ஊசிமுனை அளவுக்குத் தோல் உரிந்து, சில நாளில் ஆறிவிடும். மழைக்கால ஈரத்தில் குளம்பு அழுகி நொண்டும் ஆடுகளைத் தினமும் பார்க்கும் மேய்ப்பர் இதைத் தனி நோயாக நினைக்கக் காரணமே இல்லை. ஆட்டின் ரத்தத்தில் கிருமி சுற்றிக்கொண்டிருக்கும் காலமும் குறைவு, இரண்டு முதல் நான்கு நாள்வரைதான். கிருமியைத் தேடும் பிசிஆர் சோதனையோடு பத்தாம் நாள் ஒருவர் போய் நின்றால், ரத்தத்தில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். இதற்கிடையில் அந்த ஆடுகள் சந்தைக்குப் போயிருக்கும்.

இப்படி ஒரு நாடே ஏமாந்த வரலாறு பிரிட்டனுடையது. 2001 பிப்ரவரி 20 அன்று அங்கே கோமாரி உறுதியானது. மூலம், ஹெடன்-ஆன்-த-வால் என்ற ஊரில் கழிவுத் தீனி போட்டு வளர்த்த ஒரு பன்றிப் பண்ணை. அங்கிருந்து பக்கத்துப் பண்ணைச் செம்மறிகளுக்குத் தொற்றி, அந்தச் செம்மறிகள் ஹெக்சம் சந்தைக்கும் அங்கிருந்து லாங்டவுன் சந்தைக்கும் ஏறி இறங்கி, நாடு முழுக்கச் சிதறின. விலங்குகளின் நடமாட்டத்துக்கு அரசு பிப்ரவரி 23-இல் தடை விதித்தபோது, குறைந்தது 57 இடங்களில் கிருமி குடியேறி முடிந்திருந்தது. பிரிட்டனிலிருந்து பிரான்சுக்குப் போன ஆடுகள் மாயேன் என்ற ஊரில் வழித்தங்கலில் நின்ற இடத்தில், அயர்லாந்துக் கன்றுகளும் தங்கின. அந்தக் கன்றுகள் கிருமியை நெதர்லாந்துக்குக் கொண்டுபோயின. முடிவில் பிரிட்டனில் மட்டும் 2,026 பண்ணைகளில் நோய் உறுதியாகி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. வாயைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிப்பது என்ற பழைய முறை செம்மறியிடம் செல்லாது என்று ஐரோப்பா கற்றுக்கொண்ட பாடம் அது.

ஹோனோவில் இந்தப் பாடம் நினைவிருந்தது. நோய் கண்ட பண்ணையிலிருந்து உலர்புல் வாங்கியிருந்த ஒருவரின் ஆடுகளையும் மாடுகளையும் முன்னெச்சரிக்கையாகக் கொன்றார்கள். அருகிலிருந்த பன்றிப் பண்ணைக்கும் அதே கதி. மண்டலத்துக்குள் இருந்த மற்ற மந்தைகளில் மாதிரிகள் எடுக்கத் தொடங்கினார்கள்.

அந்த மாதிரி எடுக்கும் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். ஒருவர் செம்மறியின் தாடையை உயர்த்திப் பிடிப்பார். மற்றவர் கழுத்தின் கம்பளியை விரலால் விலக்கி, கீழே கட்டைவிரலை அழுத்தி, கழுத்துச் சிரை புடைத்து எழுவதைத் தொட்டுப் பார்ப்பார். ஊசி உள்ளே போனதும் வெற்றிடக் குழாய் தானாக ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். குழாயை அசைக்காமல் நிறுத்தி வைத்தால் ரத்தம் உறைந்து கீழே தங்கும். மேலே வெளிர் மஞ்சளாக ஊநீர் தெளியும். சீரம் என்று நாம் சொல்வது அதைத்தான். எதிர்ப்பொருள்கள் இருப்பது அந்த மஞ்சள் நீரில். குழாயின் எண்ணும் ஆட்டின் காதுப்பட்டை எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த இடத்தில் சரிபார்க்கத் தவறினால், பிறகு எத்தனை நவீன கருவி இருந்தும் பயனில்லை.

ஆய்வகத்தில் அது 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுக்குப் போகிறது. கோமாரிக்குப் பரவலாகப் பயன்படும் ‘போட்டி எலிசா’ சோதனையில் குழியின் அடியில் கிருமியின் புரதம் ஒட்டப்பட்டிருக்கும். முதலில் ஆட்டின் ஊநீர், அடுத்துச் சாயம் எழுப்பும் நொதி பூட்டிய இன்னொரு எதிர்ப்பொருள். இரண்டும் அதே புரதத்தில்தான் போய் உட்கார வேண்டும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களைப் போல ஆட்டின் எதிர்ப்பொருள்கள் முன்பே உட்கார்ந்திருந்தால், பின்னால் வந்தவருக்கு இடமில்லை. கழுவும்போது வெளியே போய்விடுவார், சாயம் எழாது. ஆகவே நிறம் அடர்ந்த குழி ‘தொற்று இல்லை’ என்கிறது, வெளுத்த குழி ‘தொற்று இருந்தது’ என்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

‘இருந்தது’ என்ற அந்த இறந்தகாலச் சொல்லில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. எதிர்ப்பொருள் என்பது கிருமி வந்ததற்கான சான்று. அது போன வாரம் வந்ததா, போன வருடம் வந்ததா என்று வெளுத்த குழி சொல்லாது. போன வருடம் என்றால் அது வரலாறு. போன வாரம் என்றால் இன்றே சாலையை மறிக்க வேண்டும்.

தேதியைக் கறப்பதற்கு வழிகள் உண்டு. முதலாவது, எதிர்ப்பொருளின் வகையைப் பிரித்துப் பார்ப்பது. புதிய கிருமி நுழைந்ததும் உடல் அவசரத்தில் தயாரிப்பது ஐஜிஎம் வகை. கோமாரியில் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் அது தலைகாட்டும். ஓரிரு வாரங்களில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்களில் இறங்கிவிடும். நிதானமாகப் பின்னால் வருவது ஐஜிஜி. முதல் வாரத்தின் இறுதியிலோ இரண்டாம் வாரத்திலோ தொடங்கி, மாதக்கணக்கில், சில நோய்களில் ஆயுள் முழுக்க நிற்கும். ஐஜிஎம் இருந்து ஐஜிஜி இல்லையென்றால் தொற்று மிகப் புதிது. இரண்டும் இருந்தால் சில வாரங்கள். ஐஜிஜி மட்டும் என்றால் பழையது. கொரோனா காலத்தில் 2020 ஏப்ரலில் சீனத்து விரைவுச் சோதனைக் கருவிகள் பற்றி எழுந்த சர்ச்சையில் இந்த இரண்டு பெயர்களும் தமிழ் வீடுகளுக்குள் வந்தன. இரண்டு கோடுகளைக் காட்டும் அட்டையைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. கருவி தரமில்லை என்பது அன்றைய குற்றச்சாட்டு. கருவி தரமாக இருந்தாலும், தொற்றிய முதல் சில நாள்களில் எதிர்ப்பொருள் சோதனை எதையும் காட்டாது என்ற உண்மை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

இரண்டாவது வழி பழையது, எளியது, இன்றும் நம்பத்தக்கது. ஒரே ஆட்டிடம் இரண்டு முறை ரத்தம் எடுப்பது. இடைவெளி இரண்டு முதல் நான்கு வாரம். ஊநீரை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், எந்த நீர்ப்புவரை எதிர்ப்பொருள் வேலை செய்கிறது என்று அளப்பார்கள். இரண்டாம் முறை அந்த அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால், தொற்று அண்மையில் நடந்தது. ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ பழையது. மருத்துவப் பாடநூல்களில் இது ‘இணை ஊநீர்’ முறை. இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தேவைப்படுவது இரண்டாவது முறையும் அந்த மந்தையைத் தேடிப் போகும் ஆள்.

பல நாடுகளின் கால்நடைக் கண்காணிப்பில் விட்டுப்போவது இந்த இரண்டாவது பயணம்தான். ஒரு மாதிரி எடுத்து, ‘இத்தனை சதவீதம் ஆடுகளில் எதிர்ப்பொருள்’ என்று அறிக்கை எழுதி, கோப்பு மூடப்படுகிறது. அந்தச் சதவீதத்தில் தேதி இல்லை. தேதியில்லாத சதவீதத்தை வைத்துக்கொண்டு எந்தச் சந்தையையும் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது.

மூன்றாவதாக, மந்தையின் வயதை வைத்தே தேதியை நெருங்கலாம். மூன்று வயதுத் தாயாடுகளில் எதிர்ப்பொருள், ஒரு வயதுக்குட்பட்ட ஆடுகளில் ஒன்றிலும் இல்லை என்றால் கிருமி ஓராண்டுக்கு முன்பே போய்விட்டது. எட்டு மாதக் கிடாக்களிலும் எதிர்ப்பொருள் இருந்தால் அது அந்த எட்டு மாதத்துக்குள் வந்தது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு: சீம்பால்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் கருவிலேயே கிடைக்கிறது. ஆட்டுக்குட்டிக்கு அப்படி இல்லை. செம்மறியின் நஞ்சுக்கொடி எதிர்ப்பொருளை உள்ளே விடாது. குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் தாயின் பாதுகாப்பு முழுவதும் இறங்குகிறது. அதனால் இரண்டு மாதக் குட்டியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் கண்டால் அது குட்டியுடையதா, தாயுடையதா என்று தெரியாது. சில மாதங்கள் போன பிறகே குட்டியின் ரத்தம் தன் கதையைத் தான் சொல்லும்.

இந்தப் பொறியையே ஜெர்மானியர்கள் ஒரு கருவியாக மாற்றிக்கொண்டார்கள். 2011 நவம்பரில், ஷ்மாலன்பெர்க் என்ற ஊர்ப்பக்கத்து மாடுகளிலிருந்து அதுவரை பெயரில்லாத ஒரு கிருமியை ஃப்ரீட்ரிஷ் லோஃப்லர் நிறுவனம் கண்டுபிடித்தது. கொசுவைவிடச் சிறிய கடிபூச்சிகள் பரப்பும் அந்தக் கிருமி, கோடையில் தாயாட்டைத் தொடும்போது பெரிதாக எதுவும் தெரியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் முறுக்கிய கால்களோடும் வளைந்த முதுகோடும் குட்டிகள் பிறந்தன. பல செத்தே விழுந்தன. குட்டி பிறந்தபோது கிருமி பெரும்பாலும் மறைந்திருந்தது. ஆகவே சீம்பாலுக்கு வாய் வைக்காத குட்டியின் ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடினார்கள். தாயிடமிருந்து வந்திருக்க முடியாத எதிர்ப்பொருள் அங்கே இருந்தால், அதைக் கருவிலிருந்த குட்டியே உண்டாக்கியிருக்க வேண்டும். செம்மறியின் சினைக்காலம் ஐந்து மாதம். அப்படியானால் தொற்று அந்த ஐந்து மாதத்துக்குள், கோடைக் கடைசியில் அல்லது இலையுதிர் காலத்தில் நடந்தது. செத்துப் பிறந்த குட்டியின் நெஞ்சுக்குழி நீரிலிருந்துகூட இந்தப் பதிலைப் பெற முடிந்தது.

லோஃப்லர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஃப்ரீட்ரிஷ் லோஃப்லரும் பால் ஃப்ரோஷும்தான் 1898-இல், பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியைக் கோமாரியின் கிருமி தாண்டிப் போகிறது என்று நிறுவினார்கள். விலங்குகளில் நோய் உண்டாக்கும் ஒரு வைரஸை மனிதன் அடையாளம் கண்டது அதுவே முதல்முறை. லோஃப்லர் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் நடத்திய சோதனைகளிலிருந்து கிருமி சுற்றுப்பண்ணைகளுக்குப் பரவ, வேலையை நிறுத்த வேண்டி வந்தது. அதனால் 1910-இல் பால்டிக் கடலோரத்து ரீம்ஸ் தீவுக்கு ஆய்வு போனது. 115 ஆண்டு கழித்து ஹோனோ எருமைகளின் மாதிரியைச் சோதித்து, ‘ஓ’ வகைக் கோமாரி என்று உறுதிசெய்த தேசிய ஆய்வகம் அந்தத் தீவில்தான் இருக்கிறது.

ஜெர்மனிக்கு இந்த வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் கோமாரித் தடுப்பூசியை 1990களின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டது. ஆகவே பிராண்டன்பர்க்கில் பிறந்து வளர்ந்த ஓர் ஆட்டின் ரத்தத்தில் கோமாரி எதிர்ப்பொருள் இருக்கவே கூடாது. இருந்தால் அதற்கு ஒரே பொருள்தான். அந்த வசதிக்குக் கொடுக்கும் விலை, நாட்டிலுள்ள எந்த ஆட்டுக்கும் பாதுகாப்பு கிடையாது என்பது.

இருக்கவே கூடாத ஒன்றைத் தேடும்போது கணக்கு விசித்திரமாக நடந்துகொள்ளும். ஒரு மந்தையில் நூற்றுக்கு ஐந்து ஆடுகளுக்குத் தொற்று இருந்திருந்தால், எந்த ஆட்டையும் குறிப்பாகத் தேர்ந்தெடுக்காமல் 59 ஆடுகளிடம் ரத்தம் எடுத்தால் போதும். அதில் ஒன்றாவது மாட்டிக்கொள்ள 95 சதவீத வாய்ப்பு உண்டு. செம்மறி மந்தைகளில் ஏறத்தாழ 60 மாதிரி என்று ஆய்வாளர்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான். இப்போது மறுபக்கம். நோயே இல்லாத ஆடுகளில் 99.5 சதவீதத்தைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் ஒரு நல்ல சோதனை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயில்லாத மந்தையில் 60 ஆட்டைச் சோதித்தால், ஏதாவது ஒரு குழியாவது பொய்யாக வெளுக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. நான்கு சுத்தமான மந்தைகளைச் சோதித்தால் ஒன்றில் பொய்யான அபாய மணி அடிக்கும். அந்த மணியை நம்பி மந்தையைக் கொன்றுவிட்டால், கொன்ற பிறகு உண்மை தெரிந்து என்ன பயன்?

பிரிட்டன் 2001-இல் நோய் ஓய்ந்ததும், ‘இனி இல்லை’ என்று உலகத்துக்கு நிரூபிக்கச் சுமார் 30 லட்சம் செம்மறி ரத்த மாதிரிகளைச் சோதித்தது. 99.5 சதவீதச் சோதனை என்றால்கூட அதில் 15,000 பொய்க்குழிகள் வரும். அவற்றை எப்படித் தள்ளினார்கள்? முதல் வடிகட்டலாக எலிசா. அதில் சந்தேகப்பட்டவற்றை மட்டும், உயிருள்ள கிருமியோடு ஊநீரைச் சேர்த்து அது செல்லைக் காக்கிறதா என்று பார்க்கும் நடுநிலையாக்கச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது நாள்கணக்கில் பிடிக்கும், உச்சப் பாதுகாப்பு ஆய்வகம் கேட்கும். பிறகு மந்தைக்குத் திரும்பிப் போய், அந்த ஆட்டோடு சேர்ந்து மேய்ந்தவற்றைச் சோதித்தார்கள். கோமாரி ஒரு மந்தையில் ஒரே ஓர் ஆட்டைத் தொட்டுவிட்டுப் போவது அரிது. நாலைந்து ஆடுகள் ஒரே பட்டியில் சேர்ந்து வெளுத்தால் அது தொற்று. நூறு ஆட்டில் ஒன்று மட்டும் தனித்து நின்றால், பெரும்பாலும் சோதனையின் பிழை. ஒரு குழியின் நிறத்தைவிட, வெளுத்த குழிகள் மந்தைக்குள் எங்கெங்கே கிடக்கின்றன என்பதே நம்பத்தக்க சாட்சி. 2002 ஜனவரியில் பிரிட்டன் கோமாரியற்ற நாடு என்ற தகுதியைத் திரும்பப் பெற்றது.

எல்லா நோய்க்கும் ஒரே சூத்திரம் ஒத்துவராது. நீலநாக்கு நோய் இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டு. 2023 அக்டோபரில் ஜெர்மனியின் கிளேவே மாவட்டத்தில் ஒரு செம்மறியிடம் அந்த நோயின் மூன்றாம் வகை கண்டறியப்பட்டது. அடுத்த கோடையில் அது நாடெங்கும் பரவி, ஆடுகள் முகம் வீங்கி, நாக்கு கறுத்து மடிந்தன; 2024 ஜூனில் முறையான அனுமதி முடியாத தடுப்பூசிகளை அவசரமாகப் பயன்படுத்த அரசு இசைந்தது. கோமாரியில் பிசிஆர் அண்மையைக் காட்டும், எதிர்ப்பொருள் பழமையைக் காட்டும். நீலநாக்கில் அது புரண்டுவிடுகிறது. அந்தக் கிருமி சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்வதால், உயிரற்றுப்போன பிறகும் அதன் மரபுப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும். பிசிஆர் ‘ஆம்’ என்பதால் ஆடு இன்று நோயைப் பரப்புகிறது என்று பொருளாகாது. பிசிஆர் ‘ஆம்’, எதிர்ப்பொருள் ‘இல்லை’ என்று இரண்டும் சேர்ந்து வந்தால்தான் தொற்று ஒரு வாரத்துக்கு உட்பட்டது என்று துணிந்து சொல்லலாம். ஆட்டின் ரத்தத்தைப் படிப்பவருக்குச் சோதனை தெரிந்தால் போதாது, கிருமியின் பழக்கமும் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஆட்டின் ரத்தத்தைப் படிக்கும் சிக்கல் இங்கே மிக முன்பே எழுந்தது. 1987-இல் விழுப்புரம் பகுதியின் அரசூரில் செம்மறிகள் காய்ச்சலும் கழிச்சலும் கண்டு, மூக்கு ஒழுகி இறந்தன. மாட்டு வெக்கை நோய் ஆடுகளைத் தாக்கியிருக்கிறது என்றே எண்ணத் தோன்றும் அடையாளங்கள். வெக்கை நோய்க் கிருமியும் ஆட்டுக்கொல்லி நோய்க் கிருமியும் நெருங்கிய உறவு. ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பொருள் மற்றதையும் பிடிக்கும். அன்றைய வழக்கமான சோதனைகளால் இரண்டையும் பிரிக்க முடிந்ததில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.எஸ். ஷைலாவும் அவரோடு உழைத்தவர்களும் அது ஆட்டுக்கொல்லி நோய் என்று நிறுவி 1989-இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் அந்த நோய்க்கு முதல் பதிவு அரசூர்தான். அந்த ஊர்க் கிருமியைக் கொண்டே தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. ‘அரசூர் 87’ என்ற பெயரோடு ஒரு சிற்றூர் உலகத் தடுப்பூசி வரலாற்றில் இடம்பிடித்தது. இன்னும் அதிகம் பேர் அறிந்திருக்க வேண்டிய பெருமை அது.

அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி, ஒரு முறை போட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் காக்கும். ஆனால் அது உயிருள்ள, வலுவிழந்த கிருமி. ஊசி போட்ட ஆட்டின் ஊநீரும் நோயில் பிழைத்த ஆட்டின் ஊநீரும் எலிசா தட்டில் ஒரே மாதிரி வெளுக்கும். எந்த ஆட்டுக்கு எந்தத் தேதியில் ஊசி போட்டது என்ற பதிவு இல்லாவிட்டால் அந்தச் சோதனை முடிவுக்குப் பொருளே இல்லை. ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது என்று பன்னாட்டு அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஒழிந்துவிட்டது என்று நிரூபிக்கும் கட்டம் வரும்போது, இந்தக் காதுப்பட்டைப் பதிவேடுகள்தான் பேச வேண்டியிருக்கும்.

கோமாரியில் இந்தியாவுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. கோமாரித் தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட கிருமியின் மேலோடு. உயிருள்ள கிருமி உடலுக்குள் பெருகும்போது மட்டும் உருவாகும் சில உட்புரதங்களைத் தடுப்பூசி தயாரிக்கும்போது வடிகட்டி நீக்கிவிடுகிறார்கள். ஆகவே மேலோட்டுக்கு மட்டும் எதிர்ப்பொருள் இருந்தால் ஊசி. உட்புரதத்துக்கும் இருந்தால் உண்மையான தொற்று. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோமாரி நிறுவனம் இதற்கான சோதனையை உள்நாட்டிலேயே உருவாக்கிப் பயன்படுத்துகிறது. 2019-இல் 13,343 கோடி ரூபாயில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரி, கன்றுவீச்சு நோய் இரண்டையும் குறிவைத்தது. கோமாரி ஊசி வேண்டிய விலங்குகளின் பட்டியலில் செம்மறியும் வெள்ளாடும் இருக்கின்றன. இருந்தாலும் கோமாரி என்றதும் நம் ஊரில் எல்லோர் கண்ணும் மாட்டின் வாய்க்குத்தான் போகிறது.

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி, கிடை போட்டுக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக நடப்பவர்கள். ஓர் இரவு அவர்களின் ஆடுகள் உழவு மாடுகளின் பக்கத்தில் படுக்கின்றன. அடுத்த வாரம் வேறொரு கண்மாயில் தண்ணீர் குடிக்கின்றன. அந்த மந்தைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயமில்லை, அவற்றை மறந்துவிடுவதும் நியாயமில்லை. கிருமியை மறைத்துச் சுமக்கும் விலங்கு செம்மறி என்றால், நாட்டின் முன்னறிவிப்பும் அதன் ரத்தத்தில்தான் முதலில் தெரியும். மந்தைக்கு 60 மாதிரி, மூன்று வாரம் கழித்து அதே காதுப்பட்டை எண்களில் மறுபடி 60, ஊசி போட்ட தேதியோடு சேர்த்து ஒரு பதிவு. மாவட்டங்களில் இருக்கும் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகளின் கைக்கு எட்டாத வேலையில்லை இது. கிடை நகர்ந்துவிட்டால் இரண்டாம் மாதிரியை அடுத்த மாவட்டத்துப் பிரிவு எடுக்க வேண்டும். அதற்குக் கருவி வேண்டாம், இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஒரு தொலைபேசி எண் போதும்.

பிராண்டன்பர்க்கில் தேடித் தேடிப் பார்த்தும் ஹோனோவுக்கு அப்பால் இன்னொரு மந்தையில் கோமாரி கிடைக்கவில்லை. 2025 மார்ச் 12 அன்று, நோய் கண்ட பகுதியைச் சுற்றிய சிறு வட்டத்தைத் தவிர ஜெர்மனியின் மற்றப் பகுதிகளுக்கு உலக விலங்கு நல அமைப்பு கோமாரியற்ற தகுதியைத் திருப்பித் தந்தது. ஏப்ரல் 14-இல் அந்த வட்டமும் விடுபட்டது. கிருமி எந்த வழியாக வந்தது என்பது மட்டும் உறுதியாகவில்லை. வெளிநாட்டிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாக வந்த இறைச்சி அல்லது பால்பொருள் வழியே வந்திருக்கலாம் என்பது பேசப்பட்ட சாத்தியங்களில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால்பொருளோ கொண்டுவரக் கூடாது என்ற சட்டம் முன்பிருந்தே இருக்கிறது. ஊரிலிருந்து உப்புக்கண்டமும் நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் கட்டிக்கொண்டு புறப்படும் தமிழர்களுக்கும் அது பொருந்தும்.

இந்தியாவிலோ கிருமி எங்கோ தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை, பக்கத்துக் கிடையிலேயே இருக்கலாம். ஆடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு. மந்தையில் ஒரே வாரத்தில் நாலைந்து ஆடு சேர்ந்து நொண்டினால், குளம்பு அழுகல் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் ரத்தம் எடுத்துப் போனால், மூன்று வாரம் கழித்து மறுபடி எப்போது வருவீர்கள் என்று கேட்டு வையுங்கள்.